கால் முறிந்தவர்களின் இறாக்கையில் ஒரு கோவை

போன மாதம் ஆஸ்பத்திரிப் பதிவேட்டு உதவியாளர்களுக்கான பயிற்சி வகுப்பு ஒன்றில் இருபது நிமிடம் பேசும்படி என்னை அழைத்திருந்தார்கள். பதினான்கு பேர் இருந்தார்கள். ஒன்பது பேர் தொலைபேசியைப் பார்த்தார்கள். இரண்டு பேர் தூங்கினார்கள். மீதி மூவரில் ஒரு பிள்ளை எழுந்து, "சேர், ஒரு கோவை எப்பிடித் தொலையும்?" என்று கேட்டாள். எலி, மழை, டொக்டரின் கார் என்று மூன்று வழிகளைச் சொன்னேன். சிரித்தார்கள். தூங்கியவர்களில் ஒருவர் விழித்துச் சிரித்துவிட்டு மறுபடி தூங்கினார். நாலாவது வழியை நான் சொல்லவில்லை. அதைக் காக்கச் சம்பளம் வாங்குகிறவனே கொண்டுபோய் ஒளிப்பது. பதினெட்டு நிமிடம் முடிந்துவிட்டது, இனி நேரம் போதாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எழுதும்போது அப்படிச் சொல்லித் தப்ப முடியாது.

புத்தளம் மாவட்டக் கரையோரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் முப்பத்தொரு வருடம் பதிவேட்டு அறையில் இருந்தேன். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதமாட்டேன். அதற்கு முன் கொழும்பில் ஆறு மாதப் பயிற்சி. அங்கே கற்றது இரண்டு பாடம். இலக்கத்தைப் பார்த்துக் கோவையை வை, பெயரைப் பார்க்காதே. தும்மல் வந்தால் முகத்தைத் திருப்பு. மற்றதெல்லாம் தூசி கற்றுத் தந்தது.

அறையில் நோய்வாரியாகப் பிரித்த இருபத்தாறு இறாக்கைகள், ஒவ்வொன்றிலும் ஐந்து தட்டு. ஜன்னல் இரண்டு, அதில் ஒன்று திறக்காது. நோயாளிகள் படுத்திருக்கும் விடுதியிலிருந்து இலக்கம் எழுதிய துண்டு வரும். அந்த நோயாளியின் கோவையை உருவவேண்டும். உருவிய இடத்தில் ஒரு மட்டையைச் செருகி, அதில் திகதியும் விடுதியின் பெயரும் எழுதவேண்டும். கோவை எழுபத்திரண்டு மணித்தியாலத்துக்குள் திரும்பி வரவேண்டும். வராவிட்டால் நினைவூட்டல் கடிதம், அதற்கும் வராவிட்டால் இன்னொரு கடிதம். வெளியிலிருந்து ஏதாவது கடிதம் வந்தால் இடது ஓரத்தில் இரண்டு துளை போட்டு, உரிய கோவையில் கோக்கவேண்டும். வாசிக்கவேண்டும் என்று விதியில் இல்லை. முப்பத்தொரு வருடத்தில் நான் போட்ட துளைகளை எண்ணவில்லை. எண்ணாமல் விட்ட ஒன்றிரண்டு விஷயங்களில் அதுவும் ஒன்று.

இருபது வருடம் எனக்கு மேலே இருந்தவர் பிரதம எழுதுவினைஞர் மர்சூக் சேர். ஒரு காரியத்தைச் செய்தவர் யார் என்பது தெரியாமலே பேசக்கூடிய மனிதர். "கோவை தேடப்பட்டது, காணப்படவில்லை" என்பார். "தேநீர் ஊற்றப்பட்டதா?" என்பார். வீட்டிலிருந்து அழைப்பு வந்தால், "மீன் வாங்கப்படும்" என்று சொல்லித் தொலைபேசியை வைப்பார். அவர் 'நான்' என்று எழுதி இரண்டு தரம்தான் கண்டிருக்கிறேன். இரண்டும் இடமாற்ற விண்ணப்பங்கள். ஒரு காகிதத்தைத் தொட்டால் கையைக் கழுவிவிட்டுத்தான் அடுத்த காகிதத்தைத் தொடுவார். எந்தத் தவறிலும் அவருடைய விரல் அடையாளம் இருந்ததில்லை.

அவருக்கு மிகவும் பிடித்தது ஓர் இறப்பர் முத்திரை. 'குணம். கிளினிக் முடிவு.' அதைக் குத்தினால் கிளினிக் வரிசையில் ஒரு தலை குறையும், வருட அறிக்கையில் ஓர் எண் கூடும். வேறெந்தக் காரியத்தாலும் ஒரே குத்தில் இரண்டு நன்மை வராது.

ஸாஹிராவின் கோவையில் அந்த முத்திரையைக் குத்தியவன் நான். அப்போது அவளுக்குப் பதினொரு வயது. ஆறு வயதில் இரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளை. எங்கள் பக்கத்தில் அந்த நோயின் பெயரை யாரும் வாயால் சொல்வதில்லை. 'கொழும்புக்குப் போற வருத்தம்' என்பார்கள். தாய் நிஹாரா, சிறு பிள்ளையாக மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்தவர், இங்கே உப்பளத்தில் வேலை. மூன்று வருடம் மகளைத் தூக்கிக்கொண்டு கொழும்புக்கும் இங்கேயுமாக அலைந்தார். பெரிய மருந்தெல்லாம் அங்கே. இடையில் வரும் காய்ச்சலும் இரத்தப் பரிசோதனையும் இங்கே. ஏற்றிய மருந்துகளில் ஒன்று சிவப்பு நிறம். "எனக்கு சர்பத் ஊசி போட்டாங்க" என்று மொட்டைத் தலையோடு என் மேசையருகே நின்று பிள்ளை பெருமை பேசுவாள். கோவை நாலு சென்டிமீற்றர் தடித்தது. அடிமட்டம் வைத்து அளந்தேன். அதன் அட்டையில் அவள் ஒரு பட்டாம்பூச்சிப் படம் ஒட்டினாள். அரசாங்கச் சொத்தில் படம் ஒட்டக்கூடாது என்று சொன்னேன். இன்னொன்று ஒட்டினாள்.

முத்திரை குத்திய அன்று நிஹாரா வட்டலப்பம் கொண்டுவந்தார். ஏழு பேர் சாப்பிட்டோம். மர்சூக் சேரின் துண்டும் உண்ணப்பட்டது.

ஸாஹிராவுக்கு இருபத்தொரு வயதானபோது ஆலங்குடாவிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை அங்கே ஒரு ஹோட்டலில் வேலை. கடலில் பட்டம் கட்டிச் சறுக்க வரும் வெள்ளைக்காரர்களைத் தண்ணீரிலிருந்து இழுத்தெடுக்கிற உத்தியோகம். எங்கள் ஊர்களில் கலியாணம் பேசினால் மூன்று விசாரணை உண்டு. பள்ளிவாசலில் ஒன்று, பக்கத்து வீட்டில் ஒன்று, ஆஸ்பத்திரியில் ஒன்று. மூன்றாவது விசாரணை என் அறையில் நடக்கும். அதுவரை அறுபத்துநாலு தரம் நடந்திருக்கிறது. அறுபத்துநாலு தரமும், கோவையைக் காட்ட அனுமதி இல்லை என்றே சொல்லியிருக்கிறேன். சொன்ன என் முகத்தை வாசித்துப் பதினொரு கலியாணம் நின்றிருக்கிறது.

மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்பே நிஹாரா வந்துவிட்டார். எங்கள் பக்கத்தில் அண்ணனை 'நானா' என்போம்.

"அமீன் நானா, வீட்டுல இரிந்த கிளினிக் கொப்பிய நான் அடுப்புல போட்டுட்டன். இனி ஒங்கட ரூம்ல இரிக்கிற பைல் மட்டும்தான்."

"அத எரிக்க ஏலா நிஹாரா. அரசாங்கத்துச் சொத்து."

"எரிக்கச் சொல்லல்ல. காணாமப் போகட்டும். இங்க தன்னால எத்தின பைல் காணாமப் போகுது. இது ஒண்டு நாங்க கேட்டுப் போகட்டுமே."

கணக்கு அவர் பக்கம் இருந்தது. போதாததற்கு அவர் அழவும் இல்லை. அழுதிருந்தால் விதியைச் சொல்லி அனுப்பியிருப்பேன்.

அன்று பின்னேரம் கோவையை அதன் இடத்திலிருந்து உருவினேன். மட்டை செருகவில்லை. பத்தொன்பதாவது இறாக்கையின் அடித்தட்டில், கால் முறிந்தவர்களின் கோவைகளுக்குள், தென்னையால் விழுந்த ஒருவருக்கும் மோட்டார் சைக்கிளால் விழுந்த ஒருவருக்கும் நடுவில் வைத்தேன். இடதிலிருந்து முப்பத்தேழாவது. எங்கும் எழுதவில்லை. என் தலையில் இருந்தால் போதும் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் மாப்பிள்ளையின் தாய் கரீமா வந்தார். கருவாட்டு வியாபாரம் செய்கிறவர். ஒரு பொட்டலத்தை மேசையில் வைத்தார். அறையின் தூசி வாசம் அந்த நிமிடமே தோற்றுப்போனது.

"பொண்ணுக்குச் சின்னதுல சுகமில்லாம இருந்ததா ஒரு கதை அடிபடுது நானா."

"அந்த இலக்கத்துல பாத்தன். ஒண்டும் இல்ல."

"ஒண்டும் இல்லாட்டி ஒங்கட மூஞ்சி ஏன் இப்பிடி வேர்க்குது?"

"பேன் வேல செய்யல்ல."

கரீமா மேலே பார்த்தார். பேன் சுற்றிக்கொண்டிருந்தது. திரும்பிப் போனார். என் முகம் வேர்த்தும் கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை பிடிவாதமாக நின்றாராம். நானும் போய்ச் சாப்பிட்டேன்.

அதே வருடம் எங்களை உற்பத்தித்திறன் போட்டி பிடித்தது. அரசாங்க அலுவலகங்களை ஒழுங்குபடுத்துவதற்கான போட்டி. மர்சூக் சேர் தன் வாழ்நாள் முழுக்க அதற்குத்தான் காத்திருந்தார் போலிருந்தது. தபால் முத்திரையைச் சுற்றி மஞ்சள் நாடா. குப்பைக் கூடையைச் சுற்றிச் சிவப்பு நாடா. கதிரையில் 'கதிரை' என்றும் அலுமாரியில் 'அலுமாரி' என்றும் மூன்று மொழியில் துண்டு ஒட்டப்பட்டது. பத்து வருடம் அசையாத கோவைகள் அழிக்கப்படவேண்டும் என்று முடிவு செய்யப்பட்டது. அந்த நேரம் பார்த்து நான் கண்ணில் வெள்ளை படர்ந்து சத்திரசிகிச்சைக்குப் போய் இருபத்தொரு நாள் விடுமுறையில் இருந்தேன். திரும்பி வந்தபோது பத்தொன்பதாவது இறாக்கையில் பிளாஸ்டிக் ரோஜாக்கள் இருந்தன.

கோவைகள் நாற்பத்துமூன்று உரச் சாக்குகளில் கட்டப்பட்டுப் பழைய எக்ஸ்ரே அறையில் பூட்டப்பட்டிருந்தன. லொறி வந்து ஏற்றவேண்டும். லொறிக்கு டீசல் படிவம் போகவேண்டும். படிவத்தில் ஒப்பமிடுகிறவர் இடமாறிப் போய்விட்டார். ஆனால் நடுவர்கள் வரும் நாளுக்கு எல்லாம் முடிந்திருக்கவேண்டுமே. ஆகவே சாக்குகள் எரிக்கப்பட்டதாக ஒரு சான்றிதழ் எழுதப்பட்டு, ஒப்பமிடப்பட்டு, கண்ணாடிச் சட்டத்தில் மாட்டப்பட்டது. இரண்டாம் இடம் கிடைத்தது. முதலிடம் பெற்ற அலுவலகத்தில் கோவையே இல்லையாம்.

ஸாஹிராவின் கோவையும் அந்தச் சாக்குகளுக்குள் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். தேடவில்லை. உண்மையைச் சொன்னால் நிம்மதியாக இருந்தது. நான் தொடங்கிய வேலையை அரசாங்கமே முடித்துவைத்தது போல.

இரண்டு வருடம் கழித்து ஒரு காலை, அனுமதிப் பட்டியலில் முப்பத்தொரு பெயர். இருபத்தாறாவது ஸாஹிரா. வயது இருபத்துமூன்று, ஏழு மாதக் கர்ப்பிணி, மூச்சிளைப்பு.

விடுதிக்கு இருபத்திரண்டு படி. ஏறிப்போய் வாசலில் நின்றேன். ஸாஹிரா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். சரிந்தால் மூச்சு வரவில்லை. கால்கள் வீங்கியிருந்தன. கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. ஒருபக்கம் நிஹாரா, மறுபக்கம் மாமியார் கரீமா. டொக்டர் தர்ஷினி, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த இளம் பிள்ளை, கேட்டுக்கொண்டிருந்தார்.

"சின்ன வயதிலை ஏதும் பெரிய வருத்தம் இருந்ததோ? நெஞ்சு, சுவாசம்?"

"காய்ச்சல்தான்" என்றார் நிஹாரா. "எல்லாப் புள்ளைக்கும் வாற காய்ச்சல்."

டொக்டர் ஸாஹிராவைப் பார்த்தார். ஸாஹிரா தாயைப் பார்த்தாள். பிறகு மாமியாரைப் பார்த்தாள். ஆஸ்துமாவாக இருக்கலாம், இரத்தம் குறைவாகவும் இருக்கலாம் என்று டொக்டர் எழுதினார். நான் இருபத்திரண்டு படி இறங்கி வந்து என் கதிரையில் உட்கார்ந்தேன். கதிரை என்று அதில் எழுதியிருந்தது.

இரண்டு மணித்தியாலமும் பத்து நிமிடமும் உட்கார்ந்திருந்தேன். தாய்க்குக் கொடுத்த வாக்கு என்றேன். டொக்டர் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார் என்றேன். நான் வைத்தியனா என்றேன். உண்மையான காரணம், சொன்னால் ஓய்வூதியத்துக்கு என்ன ஆகும் என்ற பயம். பதினொன்று இருபதுக்கு மறுபடி ஏறி, டொக்டரை நடைவழிக்குக் கூப்பிட்டு நோயையும் சிவப்பு மருந்தையும் சொன்னேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. ஓடிப்போய்ச் சேலைனை நிறுத்தினார். பிறகு திரும்பி வந்து கேட்டார். "சிவப்பு மருந்தோ? அது சில பேருக்குப் பிறகு இருதயத்தைப் பழுதாக்கும், ஐயா. பத்து, பதினைந்து வருடம் கழிச்சும் வரும். பிள்ளை வயிற்றிலை இருக்கேக்கை இருதயத்துக்கு வேலை கூட. இவ்வளவு நேரமும் நான் தண்ணியை ஏத்திக்கொண்டு இருந்திருக்கிறன். எவ்வளவு மருந்து குடுத்தவை? நெஞ்சுக்குக் கதிர்க் கரண்ட் பிடிச்சதோ? கொழும்புக்கு அனுப்பேக்கை இதெல்லாம் சொல்லவேணும். கோவை எங்கை?"

மர்சூக் சேரிடம் போனேன்.

"சேர், பழைய எக்ஸ்ரே அறைச் சாவி வேணும்."

"அங்கே எதுவும் வைக்கப்படவில்லை."

"நாப்பத்திமூணு சாக்கு இரிக்கி சேர்."

"அவை அழிக்கப்பட்டுவிட்டன." சுவரில் இருந்த சான்றிதழைக் காட்டினார். தூசி துடைக்கப்பட்டுப் பளபளத்தது. அதில் இருந்தது அவருடைய ஒப்பம். சாக்கு இருப்பது தெரிந்தால் அந்த ஒப்பம் பொய். பரிசு பொய். அவருடைய ஓய்வூதியமும் என்னுடையதும் ஒரே கயிற்றில் தொங்கின.

"சேர், மேல ஒரு புள்ளத்தாச்சிக்கு மூச்சு எடுக்க ஏலாம இரிக்கி. நம்மட ஸாஹிரா. பட்டாம்பூச்சி ஒட்டின புள்ள."

அவர் பேனையை மூடினார். கையைக் கழுவினார். கழுவின கையோடு இழுப்பறையைத் திறந்து எதையோ எடுத்து மேசை நடுவில் வைத்தார்.

"பகல் சாப்பாட்டுக்குப் போகப்படும்" என்றார். "சாவி மேசைமேல் மறக்கப்படலாம்."

நேரம் பதினொன்று ஐம்பது. அத்தனை வருடத்தில் அவர் பன்னிரண்டரைக்கு முன் சாப்பிடப் போனதில்லை.

நிஹாரா என் பின்னாலேயே வந்திருந்தார். அறைக்குள் எலி நாற்றம். நான் சாக்குகளை அவிழ்த்துக் கொட்டினேன், அவர் அட்டைகளைப் புரட்டினார். எழுத வாசிக்க அவருக்கு அவ்வளவாக வராது. பட்டாம்பூச்சியைத் தேடினார். இருபத்தெட்டாவது சாக்கில் கிடைத்தது. ஒரு மூலையை எலி தின்றிருந்தது. மருந்து அளவுகள் எழுதிய பக்கங்கள் முழுசாக இருந்தன. கடைசியில் கொழும்பிலிருந்து வந்த ஆங்கிலக் கடிதம், இடது ஓரத்தில் என் இரண்டு துளைகளோடு. அதை முதல் தடவையாக வாசித்தேன்.

"என்னா எழுதியிரிக்கி நானா?"

"வருஷா வருஷம் இருதயத்த ஸ்கேன் பண்ணிப் பாக்கட்டாம். புள்ள தரிக்க முந்தி கட்டாயம் டொக்டர்மாருக்குச் சொல்லட்டாம். தாய்க்கு வெளங்கப்படுத்தச் சொல்லி எழுதியிரிக்கி."

நிஹாரா கொட்டிக்கிடந்த கோவைகளின் மேலேயே உட்கார்ந்தார்.

"இத அப்ப எனக்கு வாசிச்சுக் காட்டியிருந்தா, நான் கொப்பிய எரிச்சிரிப்பனா?"

கோவையைத் தூக்கிக்கொண்டு விடுதிக்கு ஏறினேன்.

விடுதியில் டொக்டர் கோவையைப் புரட்டியபடி கொழும்புக்குத் தொலைபேசியில் அளவுகளை வாசித்தார். வைத்துவிட்டு ஸாஹிராவிடம் கேட்டார். "உமக்கு இது தெரியுமோ?"

"தெரியும் டொக்டர்." இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு எடுத்துப் பேசினாள். "கொட்டினது எண்ட மயிர்தானே."

"களைப்பு எவ்வளவு காலமா?"

"ஒண்டர வருஷம்."

"ஏன் வந்து சொல்லேல்லை?"

"குணமெண்டு சீல் குத்தித் தந்துட்டாங்க. பொறகு எப்பிடி வந்து களைக்குதுண்டு சொல்ற?"

நான் முத்திரை பிடித்த கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். மறுபக்கம் நின்ற கரீமா வாயைத் திறந்தார். இதோடு கலியாணம் முறிந்தது என்றே எல்லோரும் நினைத்தோம்.

"ஒளிச்சதப் பத்தி ஒங்களோட பொறகு கதைக்கிறன் நிஹாரா. அதுக்கு ஒரு நாள் வேணும்." பிறகு குரல் இறங்கியது. "ஏழு மாசப் புள்ளத்தாச்சிய நான் கருவாட்டுச் சாக்குத் தூக்க வெச்சிட்டன். மூச்சு வாங்கினா சோம்பேறியெண்டு ஏசினன். எனக்குச் சொல்லியிருந்தா நான் அவள குந்தவெச்சிச் சோறு போட்டிருப்பன்." என்னைக் கடந்து போகும்போது, "இப்ப பேன் வேல செய்யுதா நானா?" என்று மட்டும் கேட்டார்.

அம்பியுலன்ஸ் சிலாபம் வழியாகக் கொழும்புக்குப் போனது. டொக்டர் தர்ஷினியும் கூடவே போனார். இருபத்துநாலு நாள் கழித்து ஒரு பெண் குழந்தையை அவசரமாக எடுத்தார்கள். ஒரு கிலோ எழுநூறு. தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. ஸாஹிராவின் இருதயம் பழையபடி ஆகவில்லை. ஒரு நாளைக்கு நாலு மருந்துக் குளிசை. இனிப் பிள்ளை வேண்டாம் என்றார்கள். பாரம் தூக்கக்கூடாது. ஆலங்குடாக் கடற்கரையில் காற்றுக்கு எதிராக நடந்தால் களைக்கும்.

நான் எல்லாவற்றையும் எழுதி மேலிடத்துக்குக் கொடுத்தேன். ஐந்து பக்கம். எட்டு மாதம் கழித்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. குற்றம் ஒன்றுதான். கோவையை உருவியபோது மட்டை செருகவில்லை.

ஸாஹிராவை எந்தக் கிளினிக்கில் சேர்ப்பது என்பதுதான் அடுத்த பிரச்சினை. சிறுவர் கிளினிக்கில் வயது கூட என்றார்கள். தாய்மார் கிளினிக்கில் பிள்ளை பிறந்துவிட்டது என்றார்கள். நோய் இருந்து குணமானவர்களுக்கு என்று ஓர் இறாக்கை எங்கள் ஆஸ்பத்திரியில் எங்கும் இல்லை. டொக்டர் தர்ஷினி தான் மாறிப்போகும் முன் அவளைப் பெரியவர்களின் பொதுக் கிளினிக்கில், சீனிக்காரர்களுக்கும் பிரஷர்க்காரர்களுக்கும் இடையில் செருகிவிட்டார்.

ஓய்வுபெறும் முன் அந்தச் சாக்குகளையெல்லாம் மறுபடி கிண்டினேன். மர்சூக் சேர் அந்த நாட்களில் பதினொன்றரைக்கே சாப்பிடப் போனார். அதே நோய், அதே முத்திரை, பதினேழு கோவைகள். எல்லாம் இப்போது வளர்ந்த ஆட்கள். பதினேழு பேருக்கும் கடிதம் போட்டேன். ஒன்பது பேர் வந்தார்கள். ஐந்து கடிதம் திரும்பியது. இரண்டு பேரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. மீதி ஒன்று வண்ணாத்திவில்லுக்குப் போனது. அந்த மகனின் தாய் கடிதத்தோடு வந்து, மகனுக்குச் சம்பந்தம் பேசுகிறோம், இந்தக் கோவையைக் காணாமல் போக்க முடியுமா என்று கேட்டார். அவரைக் கதிரையில் இருத்தி, கோவையைத் திறந்து, முதல் பக்கத்திலிருந்து வாசித்துக் காட்டினேன். ஒரு மணித்தியாலமும் நாற்பது நிமிடமும் பிடித்தது. மகனைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லிப் போனார். இரண்டு கிழமை கழித்துக் கூட்டியும் வந்தார்.

இப்போது அதே பொதுக் கிளினிக்கில் பிரஷருக்காக நானும் வரிசையில் இருக்கிறேன். உட்காரும் வாங்குகள் முந்தி இருந்ததை விட ஒடுக்கம். போன புதன்கிழமை எனக்கு நாற்பத்தோராம் இலக்கம். ஸாஹிரா முப்பத்தெட்டு. மகள் பக்கத்தில் நின்று வாங்கின் பலகையிலிருந்து வர்ணத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். உள்ளே புதிய டொக்டர், இளம் பையன். கதவு சாத்தாது, ஆகவே எல்லோருக்கும் எல்லாம் கேட்கும்.

"ஸ்கேன் நல்லா இருக்கு. மருந்த எடுத்துக்கொண்டு வீட்டில இருக்கலாம். கூட்டமும் கூட. இனி வரத் தேவையில்ல, கிளினிக் முடிவெண்டு எழுதட்டுமா?"

"முடிக்காதீங்க டொக்டர்" என்றாள் ஸாஹிரா. "அடுத்த திகதிய எழுதுங்க."

"ஒரு வருத்தமும் இல்லையே?"

"இல்ல. திகதிய எழுதுங்க."

டொக்டர் கதவுக்கு வெளியே இருந்த வரிசையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கொப்பியை இழுத்து எழுதினார். அவள் அதை வாங்கி வாசித்தாள். பையில் வைக்கவில்லை.

"இது போயா லீவு நாள் டொக்டர். அண்டைக்கு கிளினிக் இல்ல" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள்.

அவர் வெட்டிவிட்டு வேறு திகதி எழுதினார்.